பிரம்பு நாற்காலிக்கு ஒரு ஆள்

சென்னையில் கப்பல் ஏறியதிலிருந்து போர்ட் பிளேரில் இறங்கும்வரை வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தேன். இனி எடுக்க வயிற்றில் ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தேன். மரைன் ஹில்லில் என் தங்கை ஜெயலட்சுமி வீட்டு வாசலில் கால் வைத்த பிறகுதான் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது தெரிந்தது.

அப்படி ஒரு நாற்றம்.

சேற்று நாற்றம், கருகிய எண்ணெய் நாற்றம், அதற்கும் அடியில் தித்திப்பாக ஒன்று. பீரோவுக்குப் பின்னால் எலி செத்துக் கிடந்தால் வருமே, அது. எனக்கு அருவருப்பு சற்று அதிகம்தான். பிறந்த வீட்டில் என்னைச் 'சுத்தக்காரி' என்று கேலி செய்வார்கள். ஆனால் இந்த நாற்றத்துக்குச் சுத்தக்காரியாக இருக்கவே வேண்டாம், மூக்கு என்று ஒன்று இருந்தால் போதும்.

"என்னடி இது?" என்றேன்.

ஜெயா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நிறைமாதம் நெருங்குகிற வயிறு. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "அவுக மெஷின்க்கா" என்றாள்.

இது ஐம்பத்தெட்டாம் வருஷம், நவராத்திரி சமயம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே நடக்க வேண்டும்? அம்மா இல்லாததால் நான் என் பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு விருதுநகரிலிருந்து கிளம்பி வந்தேன். வளையல் அடுக்கி, விஜயதசமிக்கு மறுநாள் காலை சென்னைக்குத் திரும்பும் கப்பலில் அவளை ஏற்றிவிட வேண்டும். அதை விட்டால் அடுத்த கப்பலில் நடுக்கடலில் பிரசவம் பார்க்க வேண்டியதுதான்.

அவள் புருஷன் ஜம்புலிங்கம் சர்க்கார் ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். யுத்த காலத்தில் விமானப்படையில் இருந்தவர். பறந்தவர் இல்லை, தரையில் நின்று நட்டு முறுக்கியவர். பெண் பார்க்க வந்தபோது நல்ல மனுஷனாகத்தான் இருந்தார், நகமெல்லாம் வெட்டி, துவைத்த வேட்டியுடன். இப்போது நான் பார்த்த ஆளுக்கு நகத்துக்குள் கருப்பு, கழுத்தில் அழுக்கு வரி வரியாக.

"வாங்க மதினி" என்றவர், நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, நேராகப் பின்பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைத் திறந்தார்.

அறை முழுக்க ஒரு விமானத்தின் மூக்கு உட்கார்ந்திருந்தது.

தகரம் பொரிந்து, சிப்பி ஒட்டி, கண்ணாடி போன ஜன்னல்களோடு இருந்தது. சிப்பிகாட் என்கிற ஊரில் குடியேறியவர்கள் வயலுக்காகச் சதுப்பு நிலத்தை வெட்டும்போது மண்வெட்டியில் தட்டியதாம். யுத்தத்தில் இந்தத் தீவு ஜப்பான்காரன் கையில் இருந்தபோது குண்டு போட வந்து விழுந்த வெள்ளைக்காரன் விமானம். இவர் லாரி பிடித்துத் துண்டு துண்டாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

"வீட்டுக்குள்ள உக்காந்தே பறக்கலாம் மதினி! பட்டாளத்துல பைலட்டுகளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்க இப்படி ஒரு பெட்டி இருந்துச்சு. தரையை விட்டு எழும்பாது. உள்ள இருக்கிறவனுக்கு மட்டும் ஆகாசத்துல இருக்கிற மாதிரியே இருக்கும். அதை நான் நிஜமா குண்டு போட்ட பிளேன்லயே செஞ்சிருக்கேன்."

செய்துதான் இருந்தார், அதையும் சொல்ல வேண்டும். பிடியை இழுத்தால் மீட்டர் முள்ளெல்லாம் அசைந்தது. உள்ளே ரப்பர் குழாயும் சைக்கிள் பம்பும். அடியில் ஒரு மோட்டார் எல்லாவற்றையும் நடுங்க வைத்தது. எதிரே காற்றுக்கு ஒரு மேஜை விசிறி. கீழே மாவாட்டும் கல் உயரத்தில் இரண்டு உருளை, அவற்றில் சுற்றிய நீளமான துணியில் கடல், தீவு, துறைமுகம், மேலிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி வரைந்திருந்தார். கைப்பிடியைச் சுற்றினால் கடல் நம் காலடியில் நகரும். முனையோடு முனை தைத்திருந்ததால் அதே கடல் மறுபடி மறுபடி வரும். அந்தத் துணி ஜெயாவின் கல்யாணச் சீலையைக் கிழித்துத் தைத்தது என்பதைச் சரிகை ஓரத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். அந்த ஆளை அங்கேயே அறைந்திருக்கலாம்.

நான்கு இருக்கை. மூன்று சேற்றிலிருந்து எடுத்தவை. வழி பார்த்துச் சொல்கிறவனுடைய இருக்கை மட்டும் கிடைக்கவில்லையாம், அங்கே ஒரு பிரம்பு நாற்காலியைப் போட்டிருந்தார். அந்த மூன்று இருக்கைகளின் தோல் ஊறி, உப்பி, நடுவில் கரும்படலமாக இருந்தது. தோல் தொப்பி ஒன்று. உள்ளே எட்டிப் பார்த்தேன். மஞ்சள் மயிர், கற்றையாக, தோலோடு ஒட்டியபடி.

அதை எடுத்து அவர் தன் தலையில் மாட்டினார். இரண்டு மயிர் நெற்றியில் ஒட்டிக்கொண்டது. ரப்பர் மூக்குமூடியை வாயில் வைத்து மூச்சு இழுத்துக் காட்டினார். எடுத்தபோது எச்சில் நூலாக இழுத்தது. அவர் எச்சில்தானா என்றுகூட எனக்குச் சந்தேகம்.

நான் கொல்லைக்கு ஓடினேன்.

மறுநாள் சீயக்காயும் சுடுதண்ணீருமாக ஒரு இருக்கையைத் தேய்த்துப் பார்த்தேன். வழிந்த தண்ணீர் கறி கழுவிய தண்ணீர் நிறத்தில் இருந்தது. எத்தனை வாளி ஊற்றியும் அதே நிறம். அவர் ஒர்க்ஷாப்பிலிருந்து வந்து பார்த்து, "ஒரிஜினலைக் கெடுத்துடாதீங்க மதினி!" என்று குதித்தார். அன்று ராத்திரிச் சாப்பாட்டையும் அந்த இருக்கையில் உட்கார்ந்தேதான் சாப்பிட்டார், கை கழுவாமல்.

பக்கத்து வீட்டு ஜன்னத் பீவி அக்காவுக்கு இதெல்லாம் முன்பே தெரியும். அவர் புருஷனுக்கு அபர்டீன் பஜாரில் துணிக்கடை. யுத்தத்துக்கு முந்தியே இங்கே வந்த குடும்பம்.

"சச், நிஜமாச் சொல்றேன் செல்லம், அந்தப் பிளேன் விழுந்ததை நான் பார்த்தேன்" என்றார் பீவி அக்கா. "புகையோட போயி சேத்துல சொருகிச்சு. உள்ள இருந்தவங்களை எடுக்க ஜப்பான்காரன் விடல. அவங்களை நண்டுதான் எடுத்துச்சு. ஒரு வருஷம் நாங்க யாரும் நண்டு வாங்கல. அந்தக் கபாட் சாமானை, ஓட்டைத் தகரத்தை இந்தத் தம்பி வீட்டுக்குள்ள வச்சிருக்கே, வயித்துப் பிள்ளைக்காரி இருக்கிற வீடு!"

"கப்பல் ஏறிட்டா சரியாயிரும்க்கா" என்றேன்.

வளையல் அடுக்கியதெல்லாம் நல்லபடியாக நடந்தது. ஆயுத பூஜை அன்றைக்குத்தான் அந்த ஆள் செய்யக்கூடாததைச் செய்தார்.

நம்மவர்கள் எல்லாரும் செய்வதுதான். ஒர்க்ஷாப்பில் சுத்தியலிலிருந்து லேத் மெஷின்வரை கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, படையல் போட்டுக் கும்பிட்டு ஓய்வு கொடுப்பார்கள். மறுநாள் விஜயதசமிக்குத் திரும்ப எடுத்து ஓட்டுவார்கள். அதையே அவர் இதற்கும் செய்தார். ஒவ்வொரு மீட்டருக்கும் பொட்டு. பிடிக்குப் பொட்டு. மூன்று இருக்கைக்கும் முதுகில் பட்டையாகச் சந்தனம். அந்த மயிர் ஒட்டிய தொப்பிக்கும் குங்குமம். எதிரே தலைவாழை இலையில் சர்க்கரைப் பொங்கல், சுண்டல், பொரி, வாழைப்பழம்.

"மாப்பிள்ளை, இது செத்தவங்க சாமான். தொட்டா தலைமுழுக வேண்டியது. இதுக்குப் போயிப் படைக்கலாமா?" என்றேன்.

"மெஷின்னா மெஷின்தான் மதினி. மத்ததுக்கெல்லாம் வச்சிட்டு இதுக்கு வைக்கலேன்னா கோவிச்சுக்காது?" என்று சிரித்தார். பூசணிக்காயில் குங்குமம் நிரப்பி விமானத்தின் மூக்குக்கு நேரே ஓங்கி உடைத்தார். சிவப்பாகத் தெறித்தது. ஒரு துளி ஜெயாவின் பாதத்தில் விழுந்தது, நான் உடனே குனிந்து துடைத்தேன்.

பூசை முடிந்து அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

மறுநாள் காலையில் அவர் திறந்தபோது நானும் பின்னால் நின்றேன்.

இலையில் பொங்கல் மூன்று இடத்தில் பள்ளமாக இருந்தது. கைவிட்டு அள்ளிய பள்ளம். விரல் தடம் தெரிந்தது. அள்ளியதை மென்று, விழுங்க முடியாமல் திரும்ப இலை ஓரத்திலேயே துப்பி வைத்திருந்தது. எச்சிலில் ஊறி, கொழகொழவென்று, மூன்று உருண்டை. தரையில் எறும்பு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. இலைப் பக்கம் ஒரு எறும்புகூட ஏறவில்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மெஷினுக்கு இல்லை, விருந்துக்கு வரச்சொல்லி யார் யாருக்கோ இலை போட்டிருக்கிறார் இந்த மனுஷன்.

அவர் முகத்தில் பயமே இல்லை. பூரிப்பு. "எலியா இருக்கும்" என்றார். அவர் அதை நம்பவில்லை என்பது அவர் கண்ணிலேயே தெரிந்தது.

"சாயங்காலம் ஓட்டப்போறேன்" என்றார். "ஜெயா பிரம்பு நாற்காலியில உக்காந்து உருளையைச் சுத்தணும். வழி சொல்லணும். ஆறு மாசமாச் சொல்லிக் குடுத்து வச்சிருக்கேன்."

"அவ உக்கார மாட்டா. நாளைக்குக் காலையில கப்பல்."

"ஒரு தடவை உக்காந்துட்டுப் போகட்டும். இல்லேன்னா கப்பல் கிடையாது." டிக்கெட் இரண்டையும் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டி மறுபடி வைத்துக்கொண்டார். பல்லை இளித்துக்கொண்டுதான் சொன்னார்.

ஜெயா அழக்கூட இல்லை. "போறேன்க்கா, ஒரு தடவைதானே" என்றாள். அவள் கை தானாக வயிற்றின் மேல் போனது.

"நீ ஒண்ணும் போக வேண்டாம். நான் உக்கார்றேன்" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எடை போடுகிற பார்வை.

"யாரா இருந்தா என்ன? ஒரு ஆள் வேணும்."

குரல் அவருடையது மாதிரி இல்லை. மூக்கு அடைத்த குரல்.

அந்த ஊரில் சாயங்காலமே கிடையாது. வெளிச்சம் பொசுக்கென்று போய், நம் ஊரில் காப்பி குடிக்கிற வேளையிலேயே இருட்டிவிடும். அப்படி இருட்டிக்கொண்டு வரும்போது நான் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். ஜெயாவைக் கொல்லையில், பீவி அக்காவைக் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருக்கச் சொல்லியிருந்தேன். அவர் முன் இருக்கையில் தொப்பியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். என் காதில் இயர்போனை மாட்டினார். அதன் உட்பக்கம் ஈரமாக, பிசுபிசுவென்று இருந்தது.

மோட்டார் ஓடத் தொடங்கியது. தகரம் நடுங்கியது. விசிறிக் காற்று முகத்தில் அடித்தது. நான் கைப்பிடியைச் சுற்றினேன்.

சீலைக் கடல் காலடியில் நகர்ந்தது. ஒரு தீவு வந்து போனது.

இயர்போனில் மூச்சு.

அவர் மூச்சுதான் என்று நினைத்தேன். பிறகு இன்னொரு மூச்சு, மெதுவாக, களகளவென்று சத்தத்தோடு. பிறகு என் பின்கழுத்தில் காற்றுப் படுகிற மாதிரி மூன்றாவது.

திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. சொல்வதில் வெட்கம் என்ன? எனக்கு அவ்வளவுதான் தைரியம்.

சுற்றிக்கொண்டே இருந்தேன். தைத்த இடம் வர வேண்டும், அதே தீவு திரும்ப வர வேண்டும். வரவில்லை. கடல் முடியவே இல்லை. கைப்பிடி கனத்தது. பிறகு லேசானது. பிறகு என் கையை இழுத்துக்கொண்டு தானே சுற்றியது. கீழே சாயத்தில் வரைந்த அலை வளைந்து நுரைத்தது.

மோட்டார் சத்தம் இல்லை இப்போது. இரண்டு பெரிய என்ஜின் சத்தம், இரண்டு பக்கமும்.

யாரோ இங்கிலீஷில் பேசினார்கள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. என் தோள்மேல் ஈரக்கை ஒன்று விழுந்தது. குளிரவில்லை. வெதுவெதுவென்று இருந்தது, அதுதான் தாங்கவில்லை. அது என் நெஞ்சுக்குக் குறுக்கே எதையோ இழுத்து இறுக்கிக் கட்டியது. பிரம்பு நாற்காலியில் ஏது வார்?

கீழே துறைமுகம் வந்தது. கப்பல் பொம்மை மாதிரி. மலை. மலைமேல் தகரக் கூரைகள்.

ஒரு கூரைக்குப் பின்னால், கொல்லையில், அண்ணாந்து பார்த்தபடி ஒருத்தி நின்றாள்.

இரண்டு கையிலும் முழங்கைவரை வளையல்.

ஜம்புலிங்கத்தின் கை என் நாற்காலிக்குப் பக்கத்திலிருந்த நெம்புகோலை நோக்கிப் போனது. அதை எதற்கு வைத்திருக்கிறார் என்று முதல் நாளே பெருமையாகச் சொல்லியிருந்தார். குண்டை விடுகிற நெம்புகோல்.

"மாப்பிள்ளை! அது ஜெயா! ஜெயா நிக்கிறா!"

அவர் திரும்பவில்லை. தொப்பிக்கு அடியிலிருந்து மஞ்சள் மயிர் கழுத்தில் புரண்டது.

என்னால் எழுந்திருக்க முடியவில்லை. கையை எட்ட முடியவில்லை. தலையை மட்டும் நீட்ட முடிந்தது. நெம்புகோலைப் பிடித்திருந்த அந்தக் கையை நான் கடித்தேன்.

இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போதும் எச்சில் ஊறுகிறது, துப்பத்தான். பல் இறங்கியது. வெந்த பனங்கிழங்கில் இறங்குகிற மாதிரி அத்தனை சுலபமாக இறங்கியது. ரத்தம் இல்லை. வாய் நிறையச் சேறும் உப்பும் அழுகின இறைச்சியும். ஒரு துண்டு கையோடு நிற்காமல் என் வாயோடு வந்தது. அதை நான் துப்பினேனா விழுங்கினேனா என்பது எனக்கு இன்றுவரை நிச்சயமாகத் தெரியாது.

கை நெம்புகோலை விட்டது.

நான் நாற்காலியோடு பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தேன். விழுந்தபோது கால் பட்டு மின்சார வயர் பிடுங்கிக்கொண்டது. ஒரே இருட்டு. விசிறி மெதுவாகச் சுற்றி நின்றது. நெஞ்சைத் தடவினேன், வார் எதுவும் இல்லை.

ஊர்ந்து ஊர்ந்து கொல்லைக்கு வந்தேன். ஜெயா அண்ணாந்தபடியே நின்றாள். வேலிக்கு அந்தப் பக்கம் பீவி அக்கா சாக்கடைக்குள் குந்தி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "ஃபிர் ஆ கயே, யா அல்லா, ஃபிர் ஆ கயே" என்று முனகிக்கொண்டிருந்தார்.

"திரும்ப வந்துட்டாங்கன்னு சொல்றாங்க" என்றாள் ஜெயா. "எங்கக்கா அந்தப் பிளேன்? சத்தம் தலைக்கு மேல வந்துச்சு, ஒண்ணையும் காணோமே?"

நான் வாயைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஜம்புலிங்கம் இருக்கையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது, மூச்சு இருந்தது. கூப்பிட்டால் கேட்கவில்லை. கையில் என் பல் தடம் இல்லை. முழுசாக, அழுக்காக, அவருடைய கைதான். சட்டைப் பையில் கைவிட்டு டிக்கெட்டுகளை எடுத்தேன். பீவி அக்கா வீட்டுக்காரர் டாக்டரைக் கூட்டிவர ஓடினார். ராத்திரி நாங்கள் அவர்கள் வீட்டில் படுத்தோம். டாக்டர் வந்து, அதிர்ச்சி, தூங்கினால் சரியாகும் என்று சொல்லி அவரைக் கட்டிலில் கிடத்திவிட்டுப் போனார்.

ஜெயா புருஷனைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் கப்பலுக்கு வருவேன் என்றாள். நான் விடவில்லை. இழுத்துக்கொண்டுதான் போனேன். வருத்தம் உண்டா என்றால் உண்டு. இன்னொரு தடவை நடந்தாலும் இழுத்துக்கொண்டுதான் போவேன்.

சென்னையில் இறங்கும்போது தந்தி எங்களுக்கு முன்னால் வந்து காத்திருந்தது. கட்டிலில் கிடத்தியவர் காலையில் இருக்கையில் இருந்தாராம், உயிர் இல்லாமல். பின்னால் பீவி அக்கா சொல்லி அனுப்பியதில் மீதி தெரிந்தது. மலை உச்சி வீட்டில் இறந்த மனுஷனுடைய நுரையீரல் நிறைய உப்புத் தண்ணீர் இருந்ததாம். டாக்டர் வெளியே சொல்ல வேண்டாம் என்றாராம். அந்தத் தகரத்தையெல்லாம் படகில் ஏற்றி நடுக்கடலில் தள்ளிவிட்டார்கள்.

ஜெயாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எங்கள் அம்மா பெயரையே வைத்தோம், மரகதம். கொழுகொழுவென்று, நோய் நொடி இல்லாமல் வளர்ந்தது. ஜெயா எங்கள் அப்பா வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

நான் ஏன் அங்கே போவதில்லை என்று உறவுக்காரர்கள் கேட்கிறார்கள். ஜெயாவும் கேட்கிறாள், அழுகிறாள்கூட. சொத்துத் தகராறு என்று சிலர் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும்.

மரகதத்துக்கு மூன்று வயது நடக்கும்போது ஒரு மத்தியானம் நான் தனியாகப் போயிருந்தேன். ஜெயா பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கக் குழந்தைக்குப் புதிதாகப் பழக்கியிருந்தாள். "வாங்க பெரியம்மா" என்று மழலையில் சொல்லிவிட்டு உள்ளே ஓடியது. ஒரு டம்ளர் கொண்டுவந்து கொடுத்தது. திரும்ப ஓடியது. இன்னொரு டம்ளர். நடையெல்லாம் சிந்திக்கொண்டே இன்னும் இரண்டு. மூன்றையும் எனக்குப் பின்னால் தரையில் வரிசையாக வைத்தது.

"யாருக்குடி தங்கம்?"

"உங்ககூட வந்தவங்களுக்கு."

நான் திரும்பவில்லை. அன்றைக்கும் எனக்கு அவ்வளவுதான் தைரியம்.

குழந்தை எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே முகத்தைச் சுளித்தது. "ஏன் பெரியம்மா, அவங்க குடிக்கிற தண்ணியெல்லாம் கழுத்து வழியா ஒழுகுது?"

என் பின்காலில் ஈரம் பட்டது. வெதுவெதுவென்று.

வாரி எடுத்துக்கொண்டு ஓடலாம் என்று நான் கையை நீட்டினேன். மரகதமும் சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் தூக்கினாள், தூக்கிக்கொள்ளச் சொல்லி.

என்னைப் பார்த்து இல்லை. என் தோளுக்கு மேலே பார்த்து.